காரணம் கேட்கும் கடமை

பகுத்தறிவு என்பது காரணம் கேட்பதும், கேட்டால் காரணம் சொல்வதும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது பகுத்தறிவு ஆகாது. பிறரிடம் மட்டும் காரணம் கேட்பவர் வழக்காடுகிறார். தன்னிடமும் கேட்பவரே பகுத்தறிகிறார். இந்தக் கேள்வியை இயற்கையிடம் கேட்டால் அறிவியல் பிறக்கிறது. மனிதன் சக மனிதனை நடத்தும் முறையைப் பார்த்துக் கேட்டால் அறம் பிறக்கிறது. அறிவியலுக்கு அறிவு போதும், அறத்துக்கு மரபும் நம்பிக்கையும் போதும் என்று பாகம் பிரித்துக் கொடுப்பவர்கள் உண்டு. அந்தப் பாகப்பிரிவினை தவறு என்பதே இந்த உரையின் வாதம். சான்று தேடி ஏதென்சுக்கோ லண்டனுக்கோ போக வேண்டியதில்லை. கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவே போதும்.

2025 ஜனவரி 9 அன்று நெய்யாற்றின்கரையை அடுத்த ஆறாலும்மூட்டில் ஒரு முதியவர் சமாதியடைந்தார் என்று குடும்பத்தார் சுவரொட்டி ஒட்டினார்கள். அவர் இறந்ததை வெளியார் யாரும் பார்க்கவில்லை. மருத்துவர் சோதிக்கவில்லை. மரணச் சான்றிதழ் இல்லை. தந்தை தாமாகவே வந்து சமாதியில் அமர்ந்தார், பிறகு கான்கிரீட் பலகை போட்டு மூடினோம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள். ஆளைக் காணவில்லை என்று வழக்கு பதிவானது. 13-ஆம் தேதி அதிகாரிகள் திறக்கப் போனபோது எதிர்ப்பு கிளம்பியது. நம்பிக்கையில் கை வைக்காதே என்ற குரலும் எழுந்தது. அதிகாரிகள் திரும்பிப் போனார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிமன்றம் கேட்டது ஒன்றைத்தான்: மரணச் சான்றிதழ் எங்கே? பதில் இல்லாததால் தடை கொடுக்கவும் மறுத்தது. 16-ஆம் தேதி காலையில் சமாதி திறக்கப்பட்டது. திருநீறும் பூஜைப் பொருள்களும் சூழ, அமர்ந்த நிலையில் உடல் இருந்தது. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் போஸ்ட்மார்ட்டம் நடந்தது. கொலை என்று சொல்லத்தக்க அடையாளம் எதுவும் முதற்கட்டப் பரிசோதனையில் தெரியவில்லை. மறுநாள் உடல் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு, உரிய சடங்குகளோடு அதே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

இதில் யார் பகுத்தறிவோடு நடந்தார்கள்? சமாதி என்ற ஒரு சொல்லே மரணத்துக்குச் சான்று என்று வாதிட்டவர்கள் அப்படி நடக்கவில்லை. உடலைப் பார்க்கும் முன்பே அந்தக் குடும்பத்தைக் கொலைகாரர்கள் என்று பேசியவர்களும் அப்படி நடக்கவில்லை. சான்று வரும்வரை தீர்ப்பை நிறுத்திவைப்பது பகுத்தறிவின் பாதி வேலை. அந்த ஒரு வாரம் இரண்டு தரப்பாருமே அதைச் செய்யத் தவறினார்கள். கடைசியில் அந்தக் குடும்பத்தின் மீது விழுந்த பழியைத் துடைக்கத் தொடங்கியது சுவரொட்டியும் அல்ல, போராட்டமும் அல்ல. பிரேதப் பரிசோதனை மேசைதான். நம்பிக்கையைக் காப்பதற்காக விசாரணையைத் தடுத்தவர்கள் உண்மையில் தடுத்தது அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய நியாயத்தை. விசாரணை முடிந்த பிறகு வழிபாட்டுக்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை.

அறிவியலின் முறை இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கிறது. சொல்பவர் யார் என்பது சான்று ஆகாது. சொல்வதன் புனிதமும் சான்று ஆகாது. சொன்னது பொய்யானால் அந்தப் பொய் வெளிப்பட ஒரு வழி இருக்க வேண்டும். அந்த வழியைச் சொன்னவரே திறந்துவைக்க வேண்டும். சோதிடம் விழுவது இந்த இடத்தில்தான். முதல் கணவனுக்கு ஆயுள் இல்லை என்று ஜாதகத்தில் எழுதியிருப்பதாக ஒரு ஜோத்ஸ்யன் சொல்கிறார் என்று வையுங்கள். கணவன் இறந்தால் பலன் பலித்தது. இறக்காவிட்டால் பரிகாரம் பலித்தது. பரிகாரமும் செய்யாமல் அவன் உயிரோடு இருந்தால் பிறந்த நேரம் பிசகிவிட்டது. இப்படி எது நடந்தாலும் தோற்காத கூற்று உலகத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. மாறாக, ஒரு கிரகணம் எந்த நாளில் எத்தனை மணிக்கு எந்த ஊரில் தெரியும் என்று வானியலாளர் சொல்லும்போது, தோற்பதற்கான வாய்ப்பை அவர் தம் கூற்றுக்குள்ளேயே வைத்துத் தருகிறார். மணி தவறினால் கணக்கு தவறு. அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்வதால்தான் அவர் சொல்வதை நம்பலாம்.

பெரியோர்களே, தாய்மார்களே! முதல் கணவன் ஜாதகம் என்றதும் இந்த அவையில் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது ஒரே சம்பவம். 2022 அக்டோபர் 14 அன்று பாறசாலைப் பகுதியைச் சேர்ந்த 23 வயது மாணவன் ஒருவன் எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தில் தன் காதலியின் வீட்டில் கஷாயம் குடித்தான். 11 நாள் கழித்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் இறந்தான். வாயும் தொண்டையும் வெந்திருந்தன, சிறுநீரகம் நின்றது, நுரையீரல் போனது. மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலத்தில்கூட அவன் காதலியைக் குற்றம் சொல்லவில்லை. தொடக்கத்தில் ஊர் முழுக்கப் பேசப்பட்டது ஜாதகக் கதைதான். விசாரணை வேறு காரணத்தைக் காட்டியது. அந்தப் பெண்ணுக்கு வேறொருவரோடு திருமணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குத் தடையாக இருந்தவனை அகற்றினாள் என்பதே வழக்கு. சமாதி திறக்கப்பட்டதற்கு மறுநாள், 2025 ஜனவரி 17 அன்று, நெய்யாற்றின்கரை கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றம் அவளைக் குற்றவாளி என்றது. 20-ஆம் தேதி மரண தண்டனை விதித்தது. கண்ணால் கண்ட சாட்சி இல்லை. மருத்துவர்களின் சாட்சியம், அலைபேசித் தடயங்கள், விஷத்தைப் பற்றி இணையத்தில் தேடிய பதிவு, இதற்கு முன் பழச்சாற்றில் மாத்திரை கலந்து கொடுத்த முயற்சி என்று துண்டு துண்டாகச் சேர்த்த சான்றுகளின் மேல் எழுந்த தீர்ப்பு அது.

இந்த வழக்கு பகுத்தறிவைப் பற்றி ஒரு கடினமான கேள்வியை எழுப்புகிறது. அதைத் தவிர்த்துவிட்டுப் பேசினால் இந்த மேடைக்கு நேர்மை இராது. குற்றம் செய்தவள் படித்தவள், முதுகலை மாணவி. எந்த விஷம், எவ்வளவு, என்ன செய்யும் என்று ஆராய்ந்து, கஷாயத்தின் கசப்பு விஷத்தின் சுவையை மறைக்கும் என்று கணக்கிட்டுச் செய்தாள். இதுவும் அறிவின் வேலைதானே என்று பகுத்தறிவின் எதிரிகள் கேட்கிறார்கள். கேள்வி பழையது. ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1739-ல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் அறிவு ஆசைகளுக்கு ஊழியம் செய்யும் வேலையாள் என்றே வாதிட்டார். ஆசை இலக்கைக் காட்டும். அறிவு வழியைக் காட்டும். அவ்வளவுதான் என்பது அவர் கருத்து.

அந்தக் கருத்து பாதி உண்மை. வழியைக் கண்டுபிடிப்பது கணக்கு. அது திருடனிடமும் உண்டு. பகுத்தறிவு அங்கே நிற்பதில்லை. இலக்கையும் அது விசாரிக்கிறது: இதை ஏன் விரும்புகிறாய்? இதே செயலை உனக்கு ஒருவர் செய்தால் ஏற்பாயா? அந்தக் கஷாயத்தை நீ குடிப்பாயா? ஜெர்மானியரான இம்மானுவேல் காண்ட் 1785-ல் எழுதிய அறநூலின் உள்ளடக்கமே இந்தக் கேள்விதான்: எல்லாருக்கும் பொது விதியாக வைக்க முடியாததை உனக்கு மட்டும் விதியாக வைக்காதே, மனிதனை வெறும் கருவியாக நடத்தாதே. தமிழ்நாட்டுக்கு இது இறக்குமதிச் சரக்கு அல்ல. திருக்குறளில் அறிவுடைமை 43-ஆம் அதிகாரம். அதை அடுத்து வள்ளுவர் வைத்தது குற்றங்கடிதல். அறிந்தவன் முதலில் தன் குற்றத்தைக் கடிய வேண்டும் என்ற வரிசை அதில் தெரிகிறது. ஆகவே அந்த வீட்டில் நடந்தது பகுத்தறிவு மிகுந்ததால் அல்ல; அது பாதியில் நிறுத்தப்பட்டதால்.

அதே வழக்கின் விஷத்தை எடுத்துக்கொண்டால் அறிவியலும் அறமும் எங்கே பிரிகின்றன, எங்கே சேர்கின்றன என்பது தெளிவாகும். அது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. 1962-ல் சந்தைக்கு வந்தது. ஒரு மடக்கு உள்ளே போனாலும் உயிர் போகலாம். மாற்று மருந்து கிடையாது. இவை அறிவியல் தரும் உண்மைகள். இதை விற்கலாமா என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடம் விடை சொல்லாது. அந்த விடையை மனிதர்கள் காரணம் சொல்லி எடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-லிருந்து அதற்கு இடமில்லை. ஆனால் தன் வயலில் தெளிக்கத் தகாதது என்று பிரிட்டன் ஒதுக்கிய பிறகும் அந்நாட்டின் ஹடர்ஸ்ஃபீல்டு ஆலையிலிருந்து பிற நாடுகளுக்கு அது ஏற்றுமதியானது. தன் குடிமக்களின் நுரையீரலுக்கு ஒரு நியாயம், ஏழை நாட்டு விவசாயியின் நுரையீரலுக்கு இன்னொரு நியாயம் என்பதற்கு எந்த உயிரியல் நூலிலும் ஆதாரம் இல்லை. இங்கேயும் அதே கதைதான். கேரளம் 2011-ல் அதைத் தடை செய்தது. தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் அந்தத் தடை இல்லை. எல்லைக்கோடு நிலத்தில் இருக்கிறது. விஷம் வேலை செய்யும் உடலில் எல்லைக்கோடு இல்லை.

இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடிய ஒரு நாடு பக்கத்திலேயே உண்டு. இலங்கையில் 1995-ல் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் அது ஒன்று. அவர்களில் பெரும்பாலோர் குடித்தது வயலுக்கு வாங்கிய மருந்து. மனிதர்களைத் திருத்திய பிறகுதான் சாவு குறையும் என்று அரசு காத்திருக்கவில்லை. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1995-லும் எண்டோசல்ஃபானை 1998-லும் சந்தையிலிருந்து எடுத்தது. 2005-ல் எண்ணிக்கை 24 ஆனது. 2008-லிருந்து 2011-க்குள் பாராகுவாட்டும் படிப்படியாக அகற்றப்பட்டது. விளைச்சல் வீழ்ந்துவிடும் என்ற அச்சம் நிறைவேறவில்லை. ஆத்திரத்தில் எடுத்துக் குடிக்கும் அந்தச் சில நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது என்று சான்று காட்டியது. அந்தச் சான்றுக்கு அரசு கட்டுப்பட்டது. ஆயிரக்கணக்கான பெற்றோர் பிள்ளைகளை இழக்காமல் இருந்தார்கள். அறிவியல் உண்மையைத் தந்தது. உயிர் பெரிது என்ற அறம் அதைச் சட்டமாக்கியது. ஒன்று இல்லாமல் மற்றது அந்த உயிர்களைக் காத்திருக்காது.

இனி அறம் தனித்து நின்ற களங்கள். திருவிதாங்கூரின் தென் தாலுகாக்களில், நெய்யாற்றின்கரை உட்பட, நாடார் பெண்கள் மார்பை மறைக்க மேல்துணி அணிய உரிமை கேட்டுப் பல பத்தாண்டுகளாகப் போராடினார்கள். 1829-ல் அரச விளம்பரம் அதைத் தடுத்தது. சந்தையிலும் சாலையிலும் துணி கிழிக்கப்பட்டது. 1858, 1859-ல் கலவரம் மூண்டது. எதிர்த்தரப்பின் வாதம் ஒன்றே ஒன்று: வழக்கம். தொன்றுதொட்டு இப்படி இருக்கிறது, ஆகவே இப்படியே இருக்க வேண்டும். இருக்கிறது என்பதிலிருந்து இருக்க வேண்டும் என்பதற்குத் தாவ முடியாது என்று காட்டியவரும் அதே ஹியூம்தான். இந்தத் தாவலை அவ்வளவு வெளிப்படையாக வேறெங்கும் காண்பது அரிது. 1859 ஜூலை 26-ல் வந்த விளம்பரம் அனுமதி கொடுத்தது. ஆனால் எப்படி? நாடார் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போடலாம், மீனவரான முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத் துணி கட்டலாம், வேறு விதமாகவும் மறைக்கலாம். உயர்சாதிப் பெண்களைப் போல் மட்டும் அணியக் கூடாது. மானம் எல்லாருக்கும் பொது என்பதை ஒப்புக்கொண்ட அதே தாளில் அது பொது அல்ல என்றும் எழுதப்பட்டது. காரணம் சொல்ல முடியாத அதிகாரம் இப்படித்தான் தன்னைத் தானே மறுத்துக்கொள்ளும். அந்த முரண்பாட்டை ஏற்காமல் விரும்பியபடி துணி அணிந்த பெண்கள் எந்தத் தத்துவ நூலையும் படித்தவர்கள் அல்லர், காரணம் கேட்டவர்கள்.

1888 சிவராத்திரியில் நாராயண குரு அருவிப்புறத்தில், நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். பிராமணர் அல்லாதவருக்கு அந்த உரிமை இல்லை என்றவர்களுக்கு, சாதிபேதமும் மதத்துவேஷமும் இல்லாமல் எல்லாரும் சகோதரராய் வாழும் முன்மாதிரி இடம் இது என்ற பொருளில் எழுதிவைத்த வாசகமே பதிலாயிற்று. குரு கடவுளை மறுத்தவர் அல்லர். பகுத்தறிவு நாத்திகர்களின் தனிச்சொத்து என்று நினைப்பவர்கள் அருவிப்புறத்தை நினைக்க வேண்டும். பக்தனும் காரணம் கேட்கலாம். கேட்ட பக்தனே இங்கே கோயிலின் வாசலைத் திறந்தான்.

எல்லாவற்றிலும் கூர்மையான பாடம் ஊருட்டம்பலத்தில் இருக்கிறது. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசாணை வந்த பிறகும் கதவு திறக்கவில்லை. 1910-ல் வெங்ஙானூர்க்காரரான அய்யன்காளி பஞ்சமி என்ற புலையர் சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஊருட்டம்பலம் பள்ளியில் உட்கார வைத்தார். அவள் உட்கார்ந்ததால் பள்ளியையே கொளுத்தினார்கள். அந்த நேரத்தில் திருவிதாங்கூரின் துணிச்சல் மிக்க பத்திரிகை ஆசிரியர் என்ன எழுதினார்? சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை நெய்யாற்றின்கரையில் 1878-ல் பிறந்தவர். திவானின் ஊழலை எதிர்த்து எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26-ல் நாடுகடத்தப்பட்டவர். 1912-ல் மலையாளத்தில் கார்ல் மார்க்சின் வரலாற்றை எழுதியவர். அதே மனிதர்தான், தலைமுறை தலைமுறையாக அறிவை உழுதவர்களின் பிள்ளைகளையும் நிலத்தை உழுதவர்களின் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் வைப்பது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போன்றது என்ற கருத்தில் எழுதினார்.

அந்த வாதத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டும், ஏனெனில் அது இன்னும் சாகவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பள்ளி மறுக்கப்பட்ட பிள்ளைகள் எழுத்தறியாதவர்கள். எழுத்தறியாததால் பள்ளிக்குத் தகுதியற்றவர்கள். தகுதியற்றதால் பள்ளி மறுக்கப்பட வேண்டும். அநீதி உண்டாக்கிய விளைவை அநீதிக்கே ஆதாரமாகக் காட்டும் வட்டம் இது. அறிவியலில் இது பிழை. அறத்தில் இது கொடுமை. இரண்டும் ஒரே பிழைதான். அதைச் சோதிக்க வழி ஒன்று உண்டு: பள்ளியைத் திறந்து பார்ப்பது. அய்யன்காளி கேட்டது அதை மட்டுமே. மறுத்தபோது புலையர் வயலில் இறங்க மறுத்தார்கள். உழவு நின்ற நிலத்தில் பசியோடு நடந்த அந்த வேலைநிறுத்தம் படிப்பதற்காக நடந்தது. இந்தியாவில் அதற்கு நிகர் குறைவு. திறக்கப்பட்ட பள்ளிகள் விடையையும் தந்தன. ஊருட்டம்பலம் பள்ளி 2022-ல் அய்யன்காளி, பஞ்சமி பெயர்களைப் பெற்றது. எழுத்தறியாத அய்யன்காளியின் பக்கம் காரணம் இருந்தது. பல நூல் கற்ற ஆசிரியரின் பக்கம் இல்லை. ஆளின் பெருமை வாதத்துக்கு வலுச் சேர்க்காது.

ஆகவே கல்வியைப் பகுத்தறிவு என்று தவறாக எண்ணிவிடக் கூடாது. கேரளம் 1991-ல் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே கேரளத்தில், கஷாயக் கொலை நடந்த அதே 2022 அக்டோபரில், பத்தனம்திட்டா மாவட்டம் எலந்தூரில் செல்வம் பெருகும் என்ற மந்திரவாதப் பேச்சை நம்பி இரண்டு பெண்கள் நரபலியிடப்பட்ட செய்தி வெளிவந்தது. இருவரும் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்தவர்கள். ஒருவர் தருமபுரியிலிருந்து வந்த தமிழ்ப் பெண். நீதியைக்கூட வழிபாடாக மாற்றும் மனம் இங்கே இருக்கிறது: கஷாய வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு நீதிபதியின் கட்டவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்ய ஒரு கூட்டம் கிளம்பியது. சான்றுகளை எடைபோட்டு எழுதிய தீர்ப்பைப் படித்து, சரியா தவறா என்று விவாதிப்பதே அந்த நீதிபதிக்குச் செய்யும் மரியாதை. மரண தண்டனை நியாயமா என்ற கேள்வியும் அதில் சேரும். ஆத்திரம் அதற்கு விடை ஆகாது.

அரசியலமைப்பின் 51ஏ பிரிவு, 1976-ல் செய்த 42-ஆம் திருத்தத்தின்படி, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராயும் மனத்தையும் வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாக்குகிறது. மூன்றும் ஒரே வரியில் வைக்கப்பட்டிருக்கின்றன. கடமையைச் செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது? மூடநம்பிக்கையை எதிர்த்துப் பாடுபட்ட நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புணேயில் காலை நடையின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஆண்டுக்கணக்கில் கேட்ட மூடநம்பிக்கைக் கொடுமைகளுக்கு எதிரான சட்டத்தை அதன் பிறகுதான் மராட்டிய அரசு கொண்டுவந்தது. கர்நாடகம் 2017-ல் அத்தகைய சட்டம் இயற்றியது. கேரளத்தில் நீதிபதி கே. டி. தாமஸ் தலைமையிலான சட்டச் சீர்திருத்த ஆணையம் 2019-லேயே ஒரு வரைவைத் தந்தது. எலந்தூருக்குப் பிறகும் அது சட்டமன்றத்தை எட்டவில்லை. சட்டம் இயற்றுவதைத் தொடரப்போவதில்லை என்று 2025-ல் அரசு உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. இது வெட்கக்கேடு. நாராயண குருவின் பெயரையும் அய்யன்காளியின் பெயரையும் ஆண்டுக்கு ஒருமுறை உச்சரிக்கும் அரசு சொல்லத் தகாத பதில் இது.

அப்படியொரு சட்டம் யாருடைய சாமியையும் பறிக்காது. விளக்கேற்றுவதையும் விரதமிருப்பதையும் தொடாது. நம்பிக்கையின் பெயரால் உடலுக்கும் உயிருக்கும் உடைமைக்கும் கேடு செய்பவரைத் தண்டிக்கும்; பேய் ஓட்டுகிறேன் என்று பெண்ணை அடிப்பவரையும், புதையல் எடுத்துத் தருகிறேன் என்று ஏழையின் தாலியைப் பிடுங்குபவரையும் போலீஸ் பிடிக்க வழிசெய்யும். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் இந்த ஊர்த் தமிழர்களும் மலையாளிகளும் சேர்ந்து கேட்க வேண்டியது ஒன்று: 2019-ன் வரைவை ஏன் கிடப்பில் போட்டீர்கள்? காரணத்தைச் சொல்லுங்கள், சொல்ல முடியாவிட்டால் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றுங்கள்.